சாய்தளமா, சறுக்குமரமா?

மேடை மூன்றடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. பொறியாளர்களுக்கே இதைப் பாடம் எடுத்தவன் நான். அப்படியானால் 36 அடி வேண்டும். "சார், அப்ப ரோட்டுலேருந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார் பந்தல்காரர். அன்றைக்கு வாதாடத் தெம்பில்லை. எட்டடிப் பலகைக்குத் தலையாட்டிவிட்டேன். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். சிறப்புப் பேச்சாளர் சக்கர நாற்காலியில் வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"தோழர், இது சாய்தளமா, சறுக்குமரமா?"

கடைசியில் சாமி தூக்குவதுபோல நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றினோம். ஆமாம், ‘தூக்கினோம்’தான். கேட்காமல் யாரையும் தூக்காதீர்கள் என்று இருபது வருஷமாகச் சொல்லிவரும் நான் இடது சக்கரத்தைப் பிடித்திருந்தேன். அவருக்குக் கொடுத்திருந்த தலைப்பு ‘தடையற்ற சூழல்’.

வாயும் சுத்தமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். ஆனால் பைக்கில் போகும்போது குறுக்கே வந்தவனை "குருடா, கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் பார்வையற்றோர் சங்கத்துக்காரர். "நீங்கதான் இண்டிகேட்டர் போடலை, தோழர். சத்தமே கேக்கலையே" என்றார் நிதானமாக.

இதெல்லாம் சிரித்துக் கழிக்கிற ரகம். அடுத்தது அப்படியில்லை.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல் செத்தார்கள். மொத்தம் 28 உயிர். அந்தச் செய்திதான் என்னை இந்த வேலைக்கு இழுத்தது. மனநோய் மறைக்கிற விஷயமில்லை என்று ஊர் ஊராகப் பேசினேன். பிற்பாடு மனநல உதவி எண் 14416 வந்ததும் அதைத் தட்டியில் எழுதிக் கட்டினேன். போன வருஷம் எனக்கே ரெண்டு மாதம் தூக்கம் போனது. பல் தேய்க்கும்போது அழுகை வந்தது. பக்கத்து மாவட்டத்து மனநல மருத்துவரிடம் போனேன். வீட்டில் சொன்ன காரணம், பல்வலி.

காத்திருக்கும் பெஞ்சில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். எப்போதோ என் பேச்சைக் கேட்டவராம். "சார், இங்கேயும் பேச வந்திருக்கீங்களா?"

டோக்கனைக் கைக்குள் மடக்கிக்கொண்டு, ஆமாம் என்றேன்.

மாத்திரையை இப்போதும் அந்த ஊரில்தான் வாங்குகிறேன்.