புள்ளி முதலில்

2009-இல் அம்மா எங்களோடு ஆறு மாதம் தங்க புனேயின் மகர்பட்டாவுக்கு வந்தாள். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்ட். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ். ஊரில் இருந்த சித்திக்கு எழுத அவளிடம் நிறைய இருந்தது. எங்கள் அடுக்குமாடிகள் நிற்கும் இடம் முன்பு கரும்பு வயல் என்றேன். சதீஷ் மகர் முன்னின்று, சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் ஏறக்குறைய 400 ஏக்கரை ஒன்றுசேர்த்தன. நிலத்தை விற்றுவிட்டுப் போகாமல் கம்பெனியில் பங்காக வைத்துக்கொண்டன. இதைச் சொன்ன அன்று அவள் தூங்கவில்லை. தாமிரபரணிக் கரையில் தாத்தா விற்ற வயல் நினைவுக்கு வந்திருக்கும். காலையில், "இதைச் சித்திக்கு எழுதணும்யா" என்றாள்.

பேனா பிடித்தால் கை நடுங்கும். விசைப்பலகையில் விரல் நடுங்காது.

எ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் என்று தமிழ் எழுதும் மென்பொருள்கள் கைமாறிக்கொண்டிருந்த காலம். பழைய தட்டச்சு முறை உள்ள ஒன்றை வீட்டு எக்ஸ்பி கணினியில் போட்டுக் கொடுத்தேன். அந்த முறையில் புள்ளிதான் முதலில். தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா வகுத்த வழியில் வந்தது அது. புள்ளியை அடித்தால் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் 'க' அதன் கீழே வந்து உட்காரும். யூனிகோடில் நேர்மாறு: முதலில் 'க', பிறகே புள்ளி. ஆகவே அம்மா அடித்த புள்ளியை யாரோ கையில் பிடித்து வைத்திருந்து, 'க' வந்ததும் வரிசையை மாற்றித் தர வேண்டும். கொம்புக்கும் அப்படியே. அந்த யாரோதான் பின்னணியில் ஓடும் மென்பொருள். அது ஓடவில்லை என்றால் முப்பது வருடப் பழக்கமும் திரையில் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும்.

கணினி திறந்ததும் அது தானே கிளம்ப, ஸ்டார்ட்அப் கோப்புறையில் ஒரு ஷார்ட்கட் போட்டேன். கிளம்பியது, ஆனால் தன் ஜன்னலையும் திரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. அம்மா அதை மூடுவாள். மூடினால் மென்பொருளும் போய்விடும். "ஏ ஐயா, என்னமோ பெட்டி வந்து நின்னுது. நமக்கு எதுக்குன்னு மூடிட்டேன்." ஷார்ட்கட்டில் 'மினிமைஸ்ட்' என்று மாற்றினேன். கீழே பட்டையில் துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் திறந்து பார்த்து மூடினாள்.

மூன்றாம் நாள் இரவு, விண்டோஸின் சின்ன நிரல்மொழியான விபிஸ்கிரிப்டில் மூன்று வரி எழுதினேன். அதன் 'ரன்' கட்டளையில், எதைத் திறக்க வேண்டும் என்பதற்குப் பிறகு ஓர் எண் கொடுக்கலாம். 1 என்றால் சாதாரண ஜன்னல், 7 என்றால் சுருக்கிய ஜன்னல், 0 என்றால் ஜன்னலே இல்லை. 0 கொடுத்தேன். மறுநாள் அம்மா உட்கார்ந்தாள், எதுவும் வரவில்லை, கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் படம் மட்டும். கரும்பு வயல் கதை ஒரு பக்கம் போயிற்று. மகர்பட்டா சைபர்சிட்டி அலுவலகத்தில் நான் எத்தனையோ நிரல்கள் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று வரி தந்த நிறைவை அவற்றில் எதுவும் தந்ததில்லை.

இன்று என் மடிக்கணினியைத் திறந்தால், கேட்காமலே கிளம்பும் செயலிகள் பதினான்கு. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்துகிறேன். சில, அடுத்த அப்டேட்டில் திரும்பி வருகின்றன. ஒன்றைச் சத்தமில்லாமல் கிளப்ப மூன்று இரவு விழித்தவனுக்கு இது வலிக்கிறது. பின்னணியில் இருக்கும் உரிமையை அம்மாவுக்காக அந்த ஒன்று சம்பாதித்தது, இவை எடுத்துக்கொள்கின்றன.

போன மாதம் பாளையங்கோட்டை போயிருந்தேன். அம்மாவிடம் இப்போது விண்டோஸ் 11. தமிழ்99 விசைமுறை அதிலேயே இருக்கிறது. ஒலிப்பு முறையும் இருக்கிறது. பழைய தட்டச்சு முறை அந்தப் பட்டியலில் இல்லை. போனில் பேசினால் எழுத்தாகிவிடுமே என்றேன். "அது நான் எழுதுன மாதிரி இல்லையே" என்றாள். ஆகவே மறுபடியும் அதே வேலை. டாஸ்க் ஷெட்யூலரில், பயனர் உள்ளே இல்லாதபோதும் ஓடும்படி வைத்தால் ஜன்னல் வராது. ஆனால் அது வேறொரு அமர்வில் ஓடும், அம்மாவின் விசைகள் அதை எட்டாது. பவர்ஷெல்லில் மறைத்துக் கிளப்பினால் ஒரு கணம் கருப்புப் பெட்டி மின்னி மறையும். அதுவும் அம்மா கண்ணில் பட்டுவிடும். விபிஸ்கிரிப்டைப் படிப்படியாக விலக்குவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டது. இன்னும் எடுத்துவிடவில்லை. பழைய மூன்று வரியையே போட்டேன்.

சித்தி இப்போது இல்லை. கடிதம் அவள் மகனுக்கு. அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புள்ளியை அடித்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, 'க'வை அடித்தாள்.