எத்தனை கிலோவாட் ஹீட்டர்?

கேள்வி: ஊட்டியில் எங்கள் விடுதி நீச்சல் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.25 மீட்டர். எவ்வளவு பெரிய ஹீட்டர் வாங்கலாம்?

பதில்: உங்கள் குளம் 40,000 லிட்டர் குடிக்கும். அத்தனையையும் 18 டிகிரியிலிருந்து 28-க்கு ஏற்ற சுமார் 465 யூனிட் வெப்பம் வேண்டும். ஒரே நாளில் என்றால் 20 கிலோவாட்; இரண்டு நாள் பொறுத்தால் 10. இதில் ஊட்டிக் குளிருக்கான பங்கு சேரவில்லை! சூடு அதிகம் போவது சுவர் வழியாக அல்ல, மேற்பரப்பில் ஆவியாகித்தான். அதனால் ஹீட்டருக்கு முன்னால் மிதக்கும் கவர் வாங்கிவிடுங்கள். ஹீட் பம்ப் என்றால் இன்னும் உஷார்: பெட்டியில் போட்டிருக்கும் திறன் பெரும்பாலும் 26, 27 டிகிரி காற்றுக்கானது. 10 டிகிரி குளிரில் எவ்வளவு தரும் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள்.