ஜமக்காளத்துக்குள் ஆஸ்டர்

ஈரோட்டில் பூ வளர்ப்பதற்கு ஒரு நியாயம் வேண்டும். தலைக்கு வைக்கணும், இல்லை சாமிக்குப் போடணும். இரண்டுக்கும் ஆகாத பூவை வளர்க்கிறவனை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். அதுவும் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! முதலில் அப்படிப் பார்த்தது என் வீட்டுக்காரிதான்.

சந்தைக்கு வருகிற சைனா ஆஸ்டர் ஒரு போகத்தோடு சரி. என்னுடையது நியூயார்க் பக்கத்துச் சொந்தம். குட்டை ரகம், ஒரு முழத்தைத் தாண்டாது. ஒருமுறை வைத்தால் வேரிலிருந்து வருஷா வருஷம் துளிர்க்குமாம். 1896-லிருந்து நடக்கிற ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு மே மாதம் போயிருந்தேன். பஸ்ஸில் எல்லார் மடியிலும் வர்க்கியும் தைலமும். என் மடியில் மண்தொட்டி. இறங்கினால் ஈரோட்டில் நாற்பது டிகிரி.

இங்கிலாந்தில் இது செப்டம்பர் 29, மிக்கேல் சம்மனசு திருநாளை ஒட்டிப் பூப்பதால் அந்தத் திருநாள் பேரையே இதற்கு வைத்துவிட்டார்கள். நம்ம ஆயுத பூஜையும் ஏறக்குறைய அப்போதுதானே? "இந்த வருஷம் வண்டிக்கு நம்ம வீட்டுப் பூ" என்று அறிவித்தேன். வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

இலை தளதளவென்று வந்தது. மொட்டைக் காணோம். இது சாமந்திக்குப் பங்காளி. ராத்திரி நீண்டு, நல்ல இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். ஓசூர்ப் பக்கம் சாமந்திக் காட்டில் ராத்திரியெல்லாம் பல்பு எரிய விடுவதே பூவைத் தள்ளிப்போடத்தான். என் தொட்டிக்கு நேர் மேலே பளிச்சென்று தெரு விளக்கு. வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, மனு மேல் மனு போட்டு அதை வரவழைத்த மகான் யாரென்று கேட்காதீர்கள். அதை அணைக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதினேன். முதல் கையெழுத்துக்கே வீட்டுக்காரி மறுத்துவிட்டாள்.

வேறு வழி? பொழுது சாயும்போது தொட்டியைச் சுற்றி நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே சீராக வந்த பவானி ஜமக்காளம். விடிந்ததும் எடுத்துவிடுவேன். ஒருநாள் பொழுதோட என் மச்சான் குடும்பத்தோடு வந்து நின்றார். உட்கார நாற்காலி இல்லை, விரிக்க ஜமக்காளம் இல்லை. வாசலில் கூடாரத்தைப் பார்த்துவிட்டுத் தங்கச்சியிடம் மெதுவாக, "ஏனம்மணி, மாப்பிள்ளை நல்லாத்தான இருக்காரு?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. செடி தூங்குது."

கடைசியில் பூத்தது! ஊதா இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு, ரூபாய்க் காசு அகலம். எதிர்வீட்டு அக்கா கேட்டருகே நின்று குனிந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, மூக்குத்திப் பூவாட்டவே இருக்குதுங்? எங்கூர்ல காடு முச்சூடும் கெடக்கும், முசலுக்குப் புடுங்கிப் போடுவோம்."

தாவரவியல்படி அக்கா சொன்னதில் தப்பே இல்லை. இரண்டும் ஒரே குடும்பம். போதாததற்கு, என் காம்பவுண்டுச் சுவர் ஓரம், அதே தெரு விளக்குக்கு நேர் கீழே, யாரும் போர்த்திவிடாமலே மூக்குத்திப் பூ மூக்குத்திப் பூவாகப் பூத்துக் கிடந்தது.

ஆயுத பூஜையன்று காலையில் வீட்டுக்காரி என் பூக்களை எண்ணினாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, சந்தைக்குப் போயி ரெண்டு மொழம் சாமந்தி வாங்கியாந்துருங். போறப்ப அந்த ஜமக்காளத்தையும் சலவைக்குப் போட்ருங்."