பத்து ஏழு

வானூரில் ஒருவர் இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் அவரிடம் மணி கேட்பதில்லை. கேட்டால் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "பத்து ஏழு" என்பார். கடைசி பஸ் போன பிறகும் பத்து ஏழுதான்.

அது கடிகாரமே அல்ல; லண்டன் ஹாட்டன் கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற 'டிக்கா' கேமரா. சாவி கொடுக்கும் தண்டுக்குள் லென்ஸ். கடிகார முகப்புள்ள வகையில் முட்கள் அசையா. அவற்றின் இடைவெளிதான் படத்தில் எவ்வளவு அடங்கும் என்பதற்கு அளவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் பழைய ரகசியக் கேமரா தேடும்போது அவரைப் பார்க்க வேண்டும். ஒரு மினாக்ஸ் உளவுக் கேமரா கையில் சிக்கினால் முதலில் எடை பார்ப்பார். கனமாக இருந்தால் முதலில் ரிகாவில் செய்த எஃகு. லேசாக இருந்தால் பிற்பாடு ஜெர்மனியில் வந்த அலுமினியம். கனக்கும். முகத்தை மட்டும் சுளித்துக்கொள்வார். "சங்கிலி இல்ல, உறை இல்ல, மேலெல்லாம் கீறல். பேரீச்சம்பழத்துக்குப் போடுற சாமான், தம்பி."

வாங்கிய பிறகு, பஸ் திருச்சிற்றம்பலம் கூட்ரோடு வருவதற்குள் அந்தக் கீறல் 'ஒரிஜினல்' ஆகிவிடும். "உளவாளி கையில இருந்ததுங்க. கீறல் இல்லாம இருக்குமா?"

வீட்டில் அவருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, மரக்காணம் உப்பளப் பக்கமிருந்து வரும் காற்று. உலோகத்தில் துரு, லென்ஸில் பூஞ்சை. அதனால் எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. அக்கம்பக்கத்தில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் பொட்டலம் இவருக்கு. இன்னொன்று, தீபாவளிக்கு முன் புளியும் கையுமாக நிற்கும் மனைவி. "என்னங்க, ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்!" பழைய நிக்கல் பூச்சு போனால் பாதி விலையும் போச்சு என்பது அந்த அம்மாளுக்குப் புரிவதில்லை.

"இத வச்சு யாரப் படம் புடிச்சீங்க?" என்று பையன்கள் கேட்டால் பேச்சு நார்வேக்குப் போகும். 1890-களில் கார்ல் ஸ்டோர்மர் என்ற மாணவர், பொத்தான் துளை வழியே எட்டிப் பார்க்கும் ஸ்டிர்ன் கேமராவைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு, தெருவில் போன நாடகாசிரியர் இப்சனையே படம் பிடித்தார். ஒரு வட்டக் கண்ணாடித் தகட்டில் ஆறு படம். "அது ஸ்டோர்மர். நீங்க?" என்றால், "டிக்காவுக்கு இப்ப ஃபிலிம் எங்க வருது?" என்று டப்பாவை மூடுவார்.

ஒருமுறை ஆரோவில் பக்கமிருந்து வந்த வெள்ளைக்காரர் டிக்காவுக்கு விலை கேட்டார். வந்தவர் ஓடட்டும் என்றே இவர் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னார். வெள்ளைக்காரர் மறுபேச்சில்லாமல் பர்ஸை எடுத்தார்.

இவர் சட்டென்று கடிகாரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பேரமே பேசலியே! அப்ப இது இன்னும் பெரிய விலைக்குப் போற சாமான்."