வளைவில் நிற்கும் கருணை

ஒளிந்துகொள்ளும் கலையில் நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எட்டுவீட்டில் பிள்ளைமார் வாளும் கையுமாகத் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா ஒரு பலாமரப் பொந்துக்குள் புகுந்து உயிர் தப்பினார் என்பது இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் நிற்கும் அந்த மரத்துக்கு அம்மச்சிப் பிலாவு என்று பெயர். உள்ளே ஒளிந்தவர் பிற்பாடு திருவிதாங்கூரையே கட்டி எழுப்பி ஆண்டார். அப்பேர்ப்பட்ட மண்ணில், வேகத்தைப் பிடிக்க வருகிற போலீஸ் ஏமான்மார் நட்ட நடு வெயிலில், எல்லோரும் பார்க்க நின்றால் அது மரபுக்கே இழுக்கு. ஆகவே அவர்களும் மரத்தடியைத் தேடுகிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். மார்த்தாண்ட வர்மா எந்த மரத்துக்குள் இருந்தார் என்பது துரத்தியவர்களுக்குத் தெரியாது.

பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடைப்பட்ட எங்கள் சாலைகளில் அந்தச் சிரமம் யாருக்கும் வைக்கப்படுவதில்லை. பனச்சமூட்டில் சாயா குடிக்க வண்டியை ஓரம் கட்டினால் போதும், தகவல் தானாக வரும். "லே மக்கா, வளைவுல ஏமான்மாரு நிக்கியாவ. பைய போ. அது கழிஞ்சா பொறவு விட்டுக்கோ." சொல்கிறவர் கடைக்காரர் அல்ல, போலீஸ்காரரின் சொந்தக்காரரும் அல்ல. அவருக்கு எப்படித் தெரியும் என்றால், நேற்றும் அதே வளைவு, அதே நேரம், அதே வண்டி. ஒழுங்கு என்றால் இதுவல்லவா ஒழுங்கு! பஸ் கூட இவ்வளவு நேரம் தவறாமல் வருவதில்லை.

அந்தக் காட்சியைக் கிட்ட நின்று பார்க்கும் பாக்கியம் பெற்றவர்கள் மறக்கமாட்டார்கள். சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், எங்கும் பச்சை. அதன் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு வண்டி, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற முழு நம்பிக்கையோடு நிற்கும். கதவு பாதி திறந்திருக்கும். உள்ளிருந்து ஒரு கண்ணாடிக் கண் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எண்பதில் வந்த பைக், வளைவுக்கு முன்னாலேயே, பிரேக் விளக்கு எரிய எரிய நாற்பதுக்கு இறங்கும். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து சவாரி செய்த ஹெல்மெட் தலைக்கு ஏறும். காரில் தொங்கிக் கிடந்த பெல்ட் நெஞ்சுக்குக் குறுக்கே வரும். டிப்பர்காரர் கூட, மாமியார் வீட்டுக்குள் நுழையும் புது மாப்பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்து, அடக்க ஒடுக்கமாக உருட்டிக்கொண்டு போவார். அந்த இருநூறு மீட்டரில் ஒரு கோழி கூட அடிபடாது. எழுதித் தருகிறேன், இந்தியாவிலேயே பாதுகாப்பான இருநூறு மீட்டர் எங்களுடையது.

இருநூற்று ஒன்றாவது மீட்டரில் என்ன நடக்கிறது என்று கேட்பது அழகல்ல. இழந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டாமா? ஆகவே வேகம் எல்லாம் பத்திரமாகச் சேமிக்கப்பட்டு, அடுத்து வரும் பள்ளிக்கூட வாசலிலும் சந்தை முக்கிலும் வட்டியோடு செலவழிக்கப்படுகிறது. ஏமான்மார் ஏன் பள்ளிக்கூட வாசலில் நிற்பதில்லை என்று சில விவரமில்லாதவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆள் விழும் இடம் வேறு, கேஸ் விழும் இடம் வேறு என்ற அடிப்படை அறிவு அவர்களுக்கு இல்லை.

இந்த ஏற்பாட்டால் விளைந்த மிகப் பெரிய நன்மையை இதுவரை யாரும் எழுதவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அன்று முதல் இரண்டு பக்கத்துக்கும் தீராத வழக்குகள். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் நின்று போனது 2004-இல். மந்திரிகள் பேசிப் பார்த்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், சொட்டு நகரவில்லை. ஆனால் வளைவில் வெள்ளை வண்டி நின்றுவிட்டால் போதும். கேஎல்-19 எதிரே வரும் டிஎன்-75-ஐப் பார்த்து இரண்டு தடவை விளக்கைச் சிமிட்டுகிறது. டிஎன்-75 பதிலுக்குக் கையைத் தூக்கி நன்றி சொல்கிறது. முன்பின் தெரியாத இரண்டு மனிதர்கள், இரண்டு மாநிலத்தவர்கள், ஒரு நொடியில் உடன்பிறப்புகளாகிவிடுகிறார்கள். தண்ணீரால் முடியாததை வெளிச்சம் செய்கிறது. மாநில மறுசீரமைப்புக் கமிஷனுக்கு இது தோன்றாமல் போனது நம் துரதிர்ஷ்டம்.

இந்தச் சகோதரத்துவத்துக்கு வெளிநாட்டுப் பெருமையும் உண்டு. இங்கிலாந்தில் மணிக்கு இருபது மைல் என்று வரம்பு இருந்த காலத்தில், புதர் மறைவில் கடிகாரத்தோடு உட்கார்ந்து கார்க்காரர்களைப் பிடிக்கும் வழக்கம் போலீஸுக்கு இருந்தது. அதைப் பொறுக்க முடியாத கார்க்காரர்கள் 1905-இல் சேர்ந்து தொடங்கியதுதான் ஆட்டோமொபைல் அசோசியேஷன். அதன் ஆட்கள் சைக்கிளில் ரோந்து போய், எங்கே புதரில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். 1910-இல் கோர்ட் அதைத் தப்பு என்று சொன்னதும் முறையை மாற்றினார்கள். உறுப்பினர் காரைக் கண்டால் சல்யூட் அடிக்க வேண்டும். முன்னால் பொறி இருந்தால் சல்யூட் அடிக்கக் கூடாது. சல்யூட் வராவிட்டால் நிறுத்தி ஏன் என்று கேளுங்கள் என்பது உறுப்பினர்களுக்கான அறிவுரை. சும்மா இருந்தவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? போலீஸ் ஒளிய ஒளிய, ஓட்டுகிறவன் மூளை இப்படி வளர்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு படிக்காதவர்கள். வெறும் விளக்கைச் சிமிட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கேரள அரசின் பெருந்தன்மையைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதலாம். 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம், ஹெல்மெட் போடாதவரை ஓடிப் பிடிக்கக் கூடாது, குறுக்கே பாயக் கூடாது, கருவிகளைப் பயன்படுத்துங்கள் என்றது. அந்தச் சொல்லைத் தலைமேல் ஏற்று, 232 கோடி ரூபாய்த் திட்டமாக 726 கேமராக்கள் வந்தன. 2023 ஏப்ரல் 20 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தார். ஜூன் 5 முதல் அபராதம். எழுநூற்று இருபத்தாறு! ஊரெல்லாம் நடுங்கியது. பிறகு கணக்கைப் பிரித்துப் பார்த்தால், 675 கண்கள் ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் செல்போனையும் பார்க்கின்றன, 25 தவறான பார்க்கிங்கை, 18 சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்களை. வேகத்துக்கு என்று ஒதுக்கியது எட்டு. அதில் நான்கு நிலையாக நிற்பவை, நான்கு வண்டியில் சுற்றுபவை. பாறசாலையிலிருந்து காசர்கோடு வரை நீண்டு கிடக்கும் மாநிலத்துக்கு எட்டு! 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்ட ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் பேரில் நூற்றுக்கு எழுபத்தொருவரை வேகமே கொன்றது என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. எதிரி பெரியவன் என்று தெரிந்ததும் அவனை அதிகம் சீண்டக் கூடாது என்று முடிவெடுத்த விவேகம் எத்தனை பேருக்கு வரும்?

அந்த எட்டையும் ஒளித்துவைப்பதில் காட்டிய திறமையோ சொல்லி முடியாது. கேமராக்கள் எங்கெங்கே என்று மாவட்ட வாரியாகப் பட்டியல் பத்திரிகைகளில் வந்தது. மிச்சத்தைச் செல்போனில் உள்ள வரைபடமே வாய் விட்டுச் சொல்லிவிடுகிறது.

எல்லையில் வாழ்வதால் எங்களுக்கு இன்னொரு ஞானமும் கிடைத்திருக்கிறது. ஹெல்மெட் இல்லாத தலைக்குக் கேரளப் பக்கம் ஐந்நூறு ரூபாய். 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் ஆயிரம். அதே தலைதான், களியக்காவிளையைத் தாண்டியதும் மதிப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. காரின் வேகத்துக்கோ தலைகீழ்: கேரளத்தில் ஆயிரத்து ஐந்நூறு, தமிழ்நாட்டில் ஆயிரம். ஆகவே சிக்கனமாக வாழ நினைப்பவன் கேரளத்தில் தலையைத் திறந்து போட்டு மெதுவாகப் போக வேண்டும், தமிழ்நாட்டில் தலையை மூடிக்கொண்டு பறக்க வேண்டும்.

பலன் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கேரளத்தில் சாலையில் மாண்டவர்கள் 2022-இல் 4,317 பேர், 2023-இல் 4,080 பேர். பிழைத்த அந்த இருநூற்றுச் சொச்சம் பேரின் வீட்டில் போய்க் கேமராவைக் கேலி செய்ய முடியாது. அதே ஓராண்டில் விபத்துகள் மட்டும் நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சத்திலிருந்து நாற்பத்தெட்டாயிரத்தைத் தாண்டின. மோதுவது கூடியிருக்கிறது, மோதி மாள்வது குறைந்திருக்கிறது. 675 கண்களும் தலையைப் பார்த்தன, தலை பிழைத்தது. வேகத்தைப் பார்க்க வேண்டிய எட்டும் தம் பங்குக்கு அடக்கமாக இருந்தன.

நியூசிலாந்துக்காரர்களுக்கு இந்த நயம் எல்லாம் தெரியாது. 1997-இல் அங்கே ஒரு போலீஸ் மண்டலத்தில் மட்டும், மணிக்கு நூறு கிலோமீட்டர் வரம்புள்ள சாலைகளில், கேமராக்களை உண்மையாகவே மறைத்து வைத்தார்கள். மற்ற இடங்களில் பலகை போட்டு, தெரியும்படி வைத்தார்கள். மறைத்து வைக்கிறோம் என்று ஊரறியச் சொன்னார்கள்; எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. முதல் இரண்டாண்டுக் கணக்கில், மற்ற மண்டலங்களோடு ஒப்பிட்டால், விபத்து நூற்றுக்குப் பதினொன்றும் காயமும் சாவும் நூற்றுக்குப் பத்தொன்பதும் குறைந்தன. அதுவும் கேமரா நின்ற இடத்தில் மட்டுமல்ல, மண்டலம் முழுக்க. என்ன ரசனைக் குறைவு பாருங்கள். ஓட்டுகிறவனுக்கு எந்த வளைவிலும் நிம்மதி இல்லை. யாருக்கு யார் விளக்குச் சிமிட்டுவது? சாயாக்கடையில் பேச என்ன மிச்சம்? அவர்கள் கேமராவை ஒளித்தார்கள், தண்டனையைத் தெரியும்படி வைத்தார்கள். நாம் கேமராவைத் தெரியும்படி வைத்து, தண்டனையை ஒளித்துவைத்திருக்கிறோம்.

அந்த ஒளிப்பும் சாமானியமானதல்ல. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு போட்ட விதிப்படி, பிடிபட்ட பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கேமராவை நடத்தும் கெல்ட்ரானுக்கு அரசு தர வேண்டிய பாக்கி ஏறி, ஆளும் குறைந்து, நோட்டீஸ் போவதே தடைபட்ட காலமும் வந்தது. பண்பாடு தெரிந்த அரசு இது. தப்பு செய்தவனை உடனே கூப்பிட்டு, சூட்டோடு சூடாக மனதைப் புண்படுத்துவதில்லை. அவனே மறந்து, வண்டியையும் விற்று, வாங்கியவனும் மறந்த பிறகு ஒரு நாள், வரி கட்டப் போன இடத்தில், பழைய நண்பனைப் போல அந்த அபராதம் எதிரே வந்து நிற்கும். எந்த நாள், எந்த வளைவு, எதற்காக என்று யாருக்கும் நினைவிருக்காது. பணம் மட்டும் நினைவாகக் கட்டப்படும். பயம் என்ற கீழ்த்தரமான உணர்ச்சி இதில் எங்குமே கலப்பதில்லை.

2023 ஜூனில் கல்பற்றாவில் நடந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. மின்வாரிய ஜீப் ஒன்று மேலே நீளமான துரட்டியைக் கட்டிக்கொண்டு போனதற்காக மோட்டார் வாகனத் துறை 20,500 ரூபாய் அபராதம் போட்டது. சில நாளில் மின்வாரியம், பில் பாக்கி இருக்கிறது என்று அந்தத் துறையின் அலுவலகத்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. குற்றம் நடந்து தண்டனை வருவதற்கு இவ்வளவு குறைந்த இடைவெளியை அந்த வருடம் வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை.

டிப்பர்களுக்கு மட்டும் இந்தக் கருணையில் ஒரு படி கூடுதல் பங்கு. குமரி மாவட்டத்துக் கல்லும் எம்-சாண்டும் எல்லை தாண்டிப் போகும் சாலைகளில் நின்று பாருங்கள். பின் எண் பலகை இருக்கும் இடத்தில் காய்ந்த சேறு. 'டிஎன்' என்பதில் பாதி தெரியும், மற்றது பாறைப்பொடிக்குள் தியானத்தில் இருக்கும். ஹெல்மெட் போடாத பையனின் நெற்றி வியர்வையைக் கூட எண்ணிவிடும் கண்ணால் அந்தச் சேற்றுக்கு அப்பால் பார்க்க முடிவதில்லை. 2024 மார்ச்சில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போன டிப்பரிலிருந்து கல் விழுந்து ஒரு மாணவர் இறந்தார். அந்தக் கல்லுக்கு ஹெல்மெட் கேமராவில் எந்தக் குற்றமும் பதிவாகியிருக்காது.

கடைசியாக ஏமான்மாருக்கு எல்லைக்காரர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம். கண்காணிப்பு உள்ள இடத்தில் தெளிவாகத் தெரியும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று அதே 2021 விதி சொல்கிறது. எங்கள் வளைவுக்கும் ஒன்று வையுங்கள். 'தினமும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை இங்கே ஒளிந்திருப்போம். ஞாயிறு விடுமுறை' என்று எழுதினால் போதும். மலையாளத்தில் மட்டும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள், தமிழிலும் வேண்டும். அருமனையிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேகமாக வருகிறவர்கள் பாவம், எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று தெரியாமல் வழி முழுக்க மெதுவாகவே போய்த் தொலைக்கப் போகிறார்கள்.