டத்தோ கடாவும் அடியேனும்

பெருமதிப்பிற்குரிய துவான் அவர்களே,

சென்ற வெள்ளிக்கிழமை எல்லைச் சோதனையில், கொட்டுகிற மழையில் எங்கள் டத்தோவை வண்டியிலிருந்து இறக்கச் சொன்னீர்களே, அந்தப் பாங்கை மறக்க முடியவில்லை. டத்தோ என்றது கடாவை. தாங்கள் காட்டிய மரியாதைக்குப் பிறகு வெறும் கடா என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

கேமரன் மலை பகாங்கில் இருக்கிறது. எங்களுக்குப் பழகிய பாதையோ பேராக்கின் தாப்பாவிலிருந்து ஏறுகிறது. ஆகவே முனியாண்டி பூஜைக்குத் தாப்பாவில் கடா வாங்கினால் அவர் மாநிலம் தாண்டும் பயணி. 1953ஆம் ஆண்டு விலங்குச் சட்டம், பெர்மிட், முத்திரை. ஆடு ஏற்றியவர்களுக்கு மீதி தெரியும்.

ஏற்றுவது லேசல்ல, துவான். கொம்பைப் பிடித்து இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்வார். பின்னாலிருந்து தள்ளினால் உட்கார்ந்துவிடுவார். பலகையில் சாக்கை விரித்து, முன்னே ஒருவர் பலா இலையைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். குளம்பு சறுக்காது என்று தெரிந்தால் அவராகவே ஏறுவார். அப்படி ஏறியவரை இறக்கி, பெர்மிட்டில் 'கறுப்பு' என்றிருக்க இடக்காதில் வெள்ளைப் புள்ளி ஏன் என்று கேட்டீர்கள். எல்லையில் கால் வைத்ததுமே டத்தோ ஸ்ரீ ஆகிவிட்டவரிடம் அதைக் கேட்க முடியாமல் என்னிடம் கேட்டீர்கள். பிறகு அவருடைய காது வில்லை எண்ணை என் பெயருக்கு நேராகவும், என் அடையாள அட்டை (ஐசி) எண்ணை அவருக்கு நேராகவும் எழுதினீர்கள். சுட்டிக்காட்டினேன். "ரெண்டும் நம்பர்தானே" என்று சிரித்தீர்கள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

என் பாட்டி இந்த மலையில் கொழுந்து பறித்தே கூன் விழுந்தவர். குடியுரிமைக்கான நீல ஐசி கேட்டு அலைந்து, நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு செத்தார். டத்தோ ஸ்ரீ பிறந்த பண்ணை, வயது, தடுப்பூசி எல்லாம் கோப்பில் இருந்ததைப் பார்த்து மெய்சிலிர்த்தேன்.

நிற்க, படுக்க, தலை நிமிர இடம் இருக்கிறதா என்று நாடா போட்டு அளந்தீர்கள். சரிதான். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் வாயில்லா ஜீவனை வதைத்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நல்ல சட்டம். தாங்கள் அளந்துகொண்டிருந்தபோதே ஒரு லோரி நம்மைக் கடந்து போனது. பின்னால் கொழுந்து பறிப்பவர்கள், நம் கிழவிகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும், தார்ப்பாய் கூட இல்லாமல் நனைந்துகொண்டு நின்றார்கள். 1929 வாக்கில் இங்கே தேயிலை வேர்விட்டது; இன்றும் இப்படித்தான் ஆளேற்றுகிறார்கள். அந்த லோரியை எவன் அளந்தான்? நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே ஐயா நீங்கள்!

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. இதற்குள் டான் ஸ்ரீ ஆகிவிட்டவர் அசைபோட்டுக்கொண்டிருக்கும் நேரம்.

பணிவான விண்ணப்பம் ஒன்று. காலை ஆறரைக்கு லயத்து முன்னால் லோரி வந்து நிற்கும். பலகை கிடையாது, சாக்கு கிடையாது. டயரில் கால் வைத்து, மேலே நிற்பவர் கையைப் பிடித்துத்தான் அறுபது வயதுக்காரிகளும் ஏறுகிறார்கள். ஒரு நாள் அந்த நாடாவோடு வாருங்கள். ஆட்கள் என்றால் தங்கள் இலாகா இல்லை என்பீர்கள். பட்டியலில் அத்தனை பேரையும் கடா என்றே எழுதித் தருகிறோம். பெர்மிட்டுக்கான கட்டணத்தையும் நாங்களே கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தோட்டத்து ஆள் ஒருவன்