ஆர்பிஎம் அண்ணன்

தேவாரத்தில் மொட்டை மாடிக்குப் போனால் மலை கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கும். ஏறத்தான் வண்டிப்பாதை இல்லை. சாக்குலூத்து மெட்டு வழியாகக் கேரளத்துக்கு ரோடு போட்டுக் கொடுங்கள் என்று ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாதை நடக்கிறவர்களுக்கு மட்டும்தான். ஆகவே சைக்கிளில் மலையேற ஆசை வந்தவர் எதிரே இருக்கிற மலைக்கு முதுகைக் காட்டிவிட்டு, ராசிங்கபுரம், சிலமலை தாண்டிப் போடிக்குப் போய், அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டுக்கு மூச்சு வாங்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டவர் ஏறினதற்கு ரசீது கேட்டால் தப்பில்லைதான். ஆர்பிஎம் அண்ணன் ஒவ்வொரு மிதிக்கும் ரசீது கேட்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். ஏலக்காய் வியாபாரம். எட்டு எம்எம் சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, நழுவுகிற காய்க்கு வேறு விலை, லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதற்கு இன்னொரு விலை என்று ஆயுசு முழுக்க அளந்தே பிழைத்தவர். சுகருக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடையில் அளக்க என்ன இருக்கிறது? கியர் சைக்கிள் வாங்கிவிட்டார்.

முதலில் போனில்தான் தூரம் பார்த்தார். அங்கேதான் வினை. மலைச்சரிவிலும் மரத்தடியிலும் ஜிபிஎஸ் கொஞ்சம் தள்ளாடும்; கொண்டை ஊசி வளைவைச் சுற்றாமல் குறுக்கே தாவி, வந்த தூரத்தில் கை வைத்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் செங்குத்து ஏற்றத்தில் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தபோது, 'நீங்கள் நின்றுவிட்டதால் பதிவு நிறுத்தப்படுகிறது' என்றது போன். ஓடுகிற மனுசனைப் பார்த்து நின்றுவிட்டாய் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? பக்கத்தில் ஏலத்தோட்ட ஜீப்பில் காயெடுப்புக்குப் போன பெண்கள் வேறு, "அண்ணே, பின்னாடி கம்பியப் பிடிச்சுக்கங்க, இழுத்துட்டுப் போறோம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே சென்சார் வந்திறங்கியது.

இரண்டு பொட்டுச் சாமான். ஒன்றைச் சக்கரத்தின் ஹப்பில் ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும், அது வேகம். இன்னொன்று பெடல் கிராங்கில். அது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்று சொல்லும், அதுதான் ஆர்பிஎம். முன்பெல்லாம் போக்ஸ் கம்பியில் காந்தம் மாட்டுவார்கள். இப்போது சென்சார் தான் சுற்றுவதைத் தானே உணர்ந்துகொள்கிறது. வயரும் கிடையாது.

ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும். அட்டவணையில் இருக்கிற 2105 மில்லிமீட்டரைப் போட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். அந்த எண் 25 அளவு டயருக்கு. அண்ணன் வண்டியில் 28. அதற்கு 2136. வித்தியாசம் 31 மில்லிமீட்டர்தானே என்று யாரோ சொல்லிவிட, "நாப்பது கிலோமீட்டருக்குக் கணக்குப் போடு, அறுநூறு மீட்டர் போச்சு. யார் வீட்டுக் காசு?" என்றார். எதற்கும் அளந்தே பார்த்துவிடுவோம் என்று, டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வாசலில் ஒரு சுற்று உருட்டினார். ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும், அளவு மாறும். ஆகவே சீட்டில் உட்கார்ந்தபடியே. வீட்டுக்காரம்மா கேரியர் இல்லாத சைக்கிளை எங்கே பிடிப்பதென்று தெரியாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டார். தையல் டேப் ஒன்றரை மீட்டரோடு முடிந்துபோக, கொத்தனாரிடம் இரும்பு டேப் இரவல் வாங்கி வந்தார்கள். காலையில் போட்ட கோலத்தின் குறுக்கே சக்கரம் போனது தனி வழக்கு.

நியாயமாகப் பார்த்தால் மிதிக் கணக்கில் சாரம் உண்டு. ஏற்றத்தில் கனத்த கியரில் அழுத்தி அழுத்தி மிதித்தால் முட்டி வாங்கிவிடும்; கியரைக் குறைத்து, சுற்றைக் கூட்டினால் கால் தாக்குப் பிடிக்கும். சமதரையில் எண்பது, தொண்ணூறு என்று வைத்துக்கொள்பவர்கள் அதிகம். இதை அண்ணன் டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பழைய ஹெர்குலிஸில் புல்லுக்கட்டோடு வந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்ணுறதுக்குத் தனியாக் கூலி தர்றாகளாப்பா?" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் கண்ணுக்குச் சுற்றுவது எல்லாம் கணக்காகிவிட்டது. விசேஷ வீட்டில் கிரைண்டரைப் பார்த்து "நூத்தம்பது இருக்கும்" என்பார். ஆடிக் காற்றில் போடியிலிருந்து திரும்பும் வழி எதிர்க்காற்று. உடம்பு வில்லாய் வளைந்து மிதித்தும் வேகம் 14ஐத் தாண்டாது. "காத்து எப்படிண்ணே?" என்று கேட்டால், "மிதி எண்பத்தாறு, கியர் ரெண்டு" என்று பதில் வரும். மேகம் மலையை மூடியிருந்ததா என்றால் தெரியாது. அவர் பார்க்கிற வானம் ஹேண்டில்பாரில் தீப்பெட்டியளவு இருக்கிறது.

போன மாதம் போடியில் கிராங்க் சென்சார் கண்ணை மூடிவிட்டது. கடிகாரக் கடையில் 2032 பொத்தான் பேட்டரி வாங்கி, ஒரு ரூபாய்க் காசால் மூடியைத் திருகி மாற்றினார். கம்பம், சின்னமனூர் பையன்களும் ஏழெட்டுப் பேர் சைக்கிளோடு சுற்றி நின்றிருந்தார்கள். ஹேண்டில்பார் கருவியில் சென்சாரைத் தேடவிட்டார், ஒன்று அகப்பட்டது, 'சரி'யை அமுக்கிவிட்டு வடைக்கு உட்கார்ந்தார். இரண்டாவது வடையில் கை வைக்கும்போது திரையில் மிதி 92.

"அண்ணே, ஒக்காந்துக்கிட்டே தொண்ணூத்திரண்டா?"

கம்பத்துப் பையன் ஒருத்தன் கியர் சரிபார்க்க அந்தத் தெருவிலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பிடித்தது அவன் சென்சாரை. அண்ணன் ஒன்றும் பேசாமல் சட்னியைத் தொட்டுக்கொண்டார். பிறகு சென்சாரை மாற்றிக்கொண்டார், பதிவை அழிக்கவில்லை. அந்த மாதத்தில் அவருடைய ஆகச் சிறந்த மிதி இன்றைக்கும் அதுதான்.